தம் நூலைக் காணாமல் மறைந்த சுகுமார் ராய்: குடும்பமும் வாசகரும் காத்த சிறுவர் இலக்கியச் செல்வம்

கொல்கத்தா: வங்க மொழிச் சிறுவர் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற கவிதை நூலான 'ஆபோல் தாபோல்' 1923 செப்டம்பர் 19 அன்று வெளியானது. அதை எழுதி, ஓவியங்களையும் வரைந்து, நோய்ப் படுக்கையிலேயே பக்கங்களை வடிவமைத்த சுகுமார் ராய், அதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்னர், செப்டம்பர் 10 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 35.

இன்று வங்காளத்தில் அவரது பெயரை நிலைநிறுத்தியுள்ள நூல்களில் பெரும்பாலானவை அவரது மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன. இதழ்ப் பக்கங்களில் சிதறிக்கிடந்த அப்படைப்புகள் நூல்களாகி, தலைமுறைகளைக் கடந்து வந்ததன் பின்னணியில் ஒரு குடும்பத்தின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது.

அச்சகமே வீடாக

1887 அக்டோபர் 30 அன்று கொல்கத்தாவில் பிறந்த சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி, எழுத்தாளர், ஓவியர், இசைக் கலைஞர் எனப் பன்முகம் கொண்டவர். புகைப்படங்களை நுண்புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் அவர் மேற்கொண்ட ஆய்வுகள் இங்கிலாந்தின் அச்சுத் துறை இதழ்களில் வெளியாகின. 'யு. ராய் அண்ட் சன்ஸ்' என்ற அச்சகத்தையும் அவர் நிறுவினார்.

மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்ற சுகுமார், மாணவப் பருவத்திலேயே நண்பர்களைச் சேர்த்து 'நான்சென்ஸ் கிளப்' என்ற குழுவைத் தொடங்கினார். அதற்கெனக் கையெழுத்து இதழ் ஒன்றையும் நடத்தி, நகைச்சுவை நாடகங்களை எழுதி அரங்கேற்றினார். 1911இல் கல்வி உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற அவர், லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத் தொழில்நுட்பத்தைக் கற்றார்.

அவர் அங்கிருந்தபோதே, 1913இல், தந்தை 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்கு வங்க மொழியில் செய்தி என்றும் இனிப்புப் பண்டம் என்றும் இரு பொருள்கள் உண்டு. அதே ஆண்டில் நாடு திரும்பிய சுகுமார், சுப்ரபாவை மணந்தார். 1915 டிசம்பரில் உபேந்திரகிஷோர் காலமானதும் அச்சகமும் இதழும் அவரது பொறுப்பில் வந்தன.

குழந்தைகளுக்கான சிரிப்பும் பெரியோருக்கான சாட்டையும்

அடுத்த எட்டாண்டுகளில் சுகுமார் எழுதியவையே அவரது இலக்கியச் செல்வம். வாத்தும் முள்ளம்பன்றியும் ஒன்றான 'ஹாஞ்ஜாரு' போன்ற விநோத உயிரினங்களை, சொற்களை ஒட்டவைத்தே அவர் படைத்தார். 'ஹ-ஜ-ப-ர-ல' கதையில் வியர்வை துடைக்க எடுக்கும் கைக்குட்டை பூனையாகிவிடுகிறது. குறும்புக்கார மாணவன் பாக்லா தாஷு, வங்கப் பள்ளிச் சிறுவர்களின் நிரந்தரத் தோழனானான்.

இப்படைப்புகள் வெறும் வேடிக்கையல்ல. பொருளற்ற சட்டங்களுக்காக 21 ரூபாய் அபராதம் விதிக்கப்படும் நாட்டைப் பற்றிய கவிதையும், ஹ-ஜ-ப-ர-லவில் வரும் கேலிக்கூத்தான நீதிமன்றக் காட்சியும் காலனி ஆட்சிக் காலத்து அதிகாரத்தின் மீதான பகடியாகவும் வாசிக்கப்படுகின்றன. அதனால்தான் சிறுவயதில் படித்துச் சிரித்தவர்கள் முதுமையிலும் அவற்றைத் தேடிச் செல்கின்றனர்.

1921இல் அவரது ஒரே மகன் சத்யஜித் பிறந்தார். அதே ஆண்டில் சுகுமாரைக் காலா அசார் நோய் பற்றியது. அந்நோய்க்கான மருந்தை உபேந்திரநாத் பிரம்மச்சாரி அதே கொல்கத்தா நகரில்தான் உருவாக்கிவந்தார். எனினும் அது பரவலான பயன்பாட்டுக்கு வருமுன் காலம் கடந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் நோயுற்றிருந்தபோதும் சுகுமார் எழுதுவதையும் வரைவதையும் நிறுத்தவில்லை. அவர்மீது பேரன்பு கொண்டிருந்த ரவீந்திரநாத் தாகூர், இறுதி நாள்களில் நேரில் வந்து அவருக்காகப் பாடினார்.

இழந்தவையும் எஞ்சியவையும்

சுகுமாரின் மறைவுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே அச்சகம் நொடித்துப்போனது. கர்ப்பார் சாலையில் அச்சகமும் குடும்பமும் ஒருங்கே இருந்த வீடு கைமாறியது. சுப்ரபா, சிறுவன் சத்யஜித்துடன் தம் சகோதரர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். 'சந்தேஷ்' நின்றது. சுகுமாரின் தம்பி சுபினய் ராய் 1930களில் அதற்கு மீண்டும் உயிரூட்டிய முயற்சியும் நீடிக்கவில்லை.

தந்தை இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை. பெரும்பாலும் எழுத்துகள், ஓவியங்கள், உறவினரின் நினைவுகள் வழியாகவே அவர் தந்தையை அறிந்தார். பின்னர் 'சிக்னெட்' பதிப்பகத்தில் நூல் வடிவமைப்பாளராகப் பணியாற்றியபோது, தந்தையின் நூல்களுக்குத் தாமே ஓவியம் வரையும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

1961இல், உலகம் அறிந்த திரைப்பட இயக்குநராகிவிட்ட சத்யஜித் ராய், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து 'சந்தேஷ்' இதழை மீண்டும் தொடங்கினார். சுகுமாரின் ஒன்றுவிட்ட சகோதரியான எழுத்தாளர் லீலா மஜும்தாரும், சகோதரி மகளான நளினி தாஸும் பின்னர் ஆசிரியர் பொறுப்பில் இணைந்தனர். இதழின் பக்கங்களை நிரப்புவதற்காக எழுதத் தொடங்கிய சத்யஜித்திடமிருந்து பேராசிரியர் ஷோங்குவும் துப்பறிவாளர் ஃபெலுடாவும் பிறந்தனர். பாட்டனார் அதே இதழில் எழுதிய கதை, 1969இல் 'கூபி காயின் பாகா பாயின்' திரைப்படமானது. இவ்வாறு முன்னோரின் செல்வத்தைக் காக்க முனைந்த பணி, புதிய செல்வத்தையும் சேர்த்தது.

உரிமை முடிந்தாலும் பொறுப்பு முடிவதில்லை

அன்றைய பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளிலும் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளுக்கும் உரிமை நிலவியது. அதன்படி சுகுமார் தம் வாழ்நாளில் வெளியிட்ட படைப்புகளுக்கான உரிமை 1973ஆம் ஆண்டுடன் முடிவடைந்தது. அவற்றை எவரும் பதிப்பிக்கலாம் என்ற நிலை அவரை எளிய வாசகரின் கைகளிலும் சேர்த்தது. ஆனால் சுகுமாரின் ஓவியங்கள் கவிதைகளுக்கு இட்ட அலங்காரம் அல்ல. நகைச்சுவையின் பாதி அவற்றில்தான் உள்ளது. அவற்றை நீக்கியோ மாற்றியோ அச்சிடும் பதிப்பு, சட்டப்படி சரியானதாயினும் நூலுக்கு நேர்மையானதாகாது.

மொழிபெயர்ப்பு மற்றொரு சவால். ஒலியும் சிலேடையும் பின்னிய அக்கவிதைகளைச் சத்யஜித் ராயும், பேராசிரியர் சுகாந்த சௌத்ரியும் ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது அங்கு உதவாது. சிரிப்பைப் புதிய மொழியில் மறுபடி உருவாக்கவேண்டும்.

1987இல் தந்தையின் நூற்றாண்டையொட்டிச் சத்யஜித் ராய் 'சுகுமார் ராய்' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். தந்தையின் கரம்பற்றி வளரும் வாய்ப்பைப் பெறாத மகன், தம் 66ஆம் வயதில் அவருக்குச் செலுத்திய அஞ்சலி அது. 1992இல் சத்யஜித்தும் மறைந்தார். 2023இல் 'ஆபோல் தாபோல்' நூறாண்டுகளை நிறைவு செய்தது. வங்க இல்லங்களில் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே செவிவழி அறியும் நூல்களில் ஒன்றாக அது இன்றும் விளங்குகிறது.