டாக்டர் ஜெபரிஸ் டர்னர்

மிஷனரி ஒருவரின் மைந்தராய் 1861இல் சீனாவின் கான்டன் நகரில் பிறந்த ஆல்பிரட் ஜெபரிஸ் டர்னர், 1889இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் குழந்தைகள் வைத்தியசாலையில் பணியேற்றார். வயிற்றுவலியாலும் கைகால் தளர்ச்சியாலும் அங்கு வந்த சிறுவரை வருத்துவது ஈய நஞ்சே என 1890களில் தெளிந்தார். ஆயினும் நஞ்சு வந்த வழி புலப்படவில்லை. 1904இல் அவர்தம் தோழர் லாக்ஹார்ட் கிப்சன் அதனைக் காட்டினார். வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் வர்ணம் வெயிலிற் பொடியாகி, பிள்ளைகளின் விரல்வழியே வாய் புகுந்தது. பலர் நம்பாதபோதும் டர்னர் தளர்ந்தாரல்லர். 1922இல் குவீன்ஸ்லாந்தில் தடைச்சட்டம் பிறந்தது. 1947இல் அவர் மறைந்தார்.

காரைக்குடியின் பழைய வீடுகளிலும் சன்னற் கம்பிகள் பழைய வர்ணம் தாங்கி நிற்றலை நாம் காண்கின்றோம். வர்ணத்தில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகலின், சுரண்டுமுன் அவ்வர்ணத்தையும் வீட்டுத் தூசியையும் சோதிப்பித்தலே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.