ஆலன் டூரிங்

விடுமுறைக்குக் கோவைப் பக்கம் செல்லும் நம் சங்க நண்பர்களுக்குப் போத்தனூர் ரயில் நிலையம் புதிதன்று. கணிப்பொறி இயலுக்கு அடிகோலிய ஆலன் டூரிங்கின் அன்னை ஈதெல் சாரா பிறந்தது அவ்வூரிலேதான் என்பதை அறிந்தோர் சிலரே. சாராவின் தந்தை ஸ்டோனி சென்னை ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். கணவர் ஜூலியஸ், சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி.

ஆலன் 1912 ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையின் பணி இந்தியாவில் இருந்தமையால், அவரும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தனர். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்று, 1936இல் எல்லாக் கணிப்பொறிக்கும் மூலமான கருத்தை வெளியிட்டார். போர்க்காலத்தில் ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைத்தோருள் முன்னின்றார். இவை பலரும் எழுதியவை. நான் சொல்ல வந்தது வேறு.

பொறி சிந்திக்குமா என்று வாதிடுவதை விடுத்து, 1950இல் அவர் ஒரு விளையாட்டைக் கூறினார். கேள்வி கேட்பவர் ஓர் அறையில். மனிதரும் பொறியும் வேறிடத்தில். விடைகள் எழுத்தில் வரும். இவற்றுள் எது மனிதர் என்று கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டும். இதை மேற்கோள் காட்டுவோர் பலரும் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. 34957உடன் 70764ஐக் கூட்டுமாறு கேட்டால், அவர் எழுதிய மாதிரி உரையாடலில் ஏறக்குறைய 30 விநாடி கழித்தே விடை வருகிறது. அவ்விடை 105621. நண்பர்களே, கூட்டிப் பாருங்கள். 105721 அல்லவா வரவேண்டும்! கணக்கில் பிழையே செய்யாத பொறி உடனே பிடிபட்டுவிடும். ஆகவே அது தயங்கவும் தவறவும் கற்க வேண்டும். இன்று கணினி விளையாட்டில் தாமே இயங்கும் பாத்திரங்களைப் படைப்போரும் இவ்வழியே செல்கின்றனர். எதிரி நம்மைக் கண்டதும் சுட்டால் அது வெறும் பொறி. கணநேரம் திகைத்து, குறியும் தவறினால்தான் ஆள் போலத் தோன்றும்.

இதன் மறுபக்கத்தையும் அவர் செய்து பார்த்தார். நண்பர் சாம்பர்நௌனுடன் சேர்ந்து சதுரங்கத்துக்கான விதிமுறை ஒன்றை எழுதியிருந்தார். அதை இயக்கவல்ல கணிப்பொறி கிட்டாமையால், 1952இல் தாமே பொறியாக அமர்ந்து, தாளைப் பார்த்துக் காய் நகர்த்தினார். நகர்த்தல் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ அரைமணி! ஆட்டத்தில் தோற்றது 'பொறி'தான்.

அதே ஆண்டில், ஓர் ஆடவரை விரும்பிய குற்றத்துக்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்தை ஏற்கவேண்டியதாயிற்று. மனித இயல்பு யாது என்று பொறியைக் கொண்டு ஆராய்ந்தவரின் சொந்த இயல்பையே நோயென்று கருதிற்று அந்நாட்டுச் சட்டம். அவ்வாட்சி இங்கே விட்டுச் சென்ற 377ஆம் பிரிவு, மனமொத்த வயதுவந்தோர் மீது செல்லாது என நம் உச்சநீதிமன்றம் தீர்த்தது 2018இல்தான்.

1954 ஜூன் 7ஆம் நாள் சயனைடு நஞ்சால் டூரிங் மறைந்தார், வயது 41. தற்கொலை என்று விசாரணை முடிவு கூறியது. அன்னை அதை ஏற்கவில்லை. வீட்டில் நடத்திவந்த இரசாயனச் சோதனையால் நேர்ந்த விபத்தென்றே நம்பினார். மகனின் வரலாற்றைத் தாமே எழுதி 1959இல் வெளியிட்டார். அரச மன்னிப்பு 2013இல் வந்தது. அப்போது சாராவும் உயிரோடு இல்லை.