படுக்கையில் இருபது ஆண்டுகள்: டோனாவூர் அம்மாவின் கதை

 

இந்த மாதச் சுவர் இதழுக்காக, நோயிலும் மனம் தளராமல் வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா, நமக்கென்ன என்று நினைச்சுடாதீங்க. திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் சுமார் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, அந்த மண்ணிலேயே அடக்கமானவர் அவர். சேலை கட்டியவர், தமிழ் பேசியவர். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் அம்மா.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகளைக் காப்பாற்றிய கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். அவருடைய கடைசி இருபது வருஷக் கதை பலருக்குத் தெரியாது. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதுதான்.

நீலக் கண் கேட்ட சிறுமி

1867 டிசம்பர் 16-ஆம் தேதி, அயர்லாந்து நாட்டின் வடக்கே மில்லைல் என்ற கடற்கரை ஊரில் ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா மாவு ஆலை வைத்திருந்தார். வசதியான குடும்பம்தான்.

ஏமியின் அம்மாவுக்கு நீல நிறக் கண்கள். ஏமிக்குப் பழுப்பு நிறக் கண்கள். மூன்று வயதில், எனக்கும் நீலக் கண் வேணும் என்று கடவுளிடம் கேட்டுவிட்டுத் தூங்கினாராம். காலையில் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண்! கேட்டது கிடைக்கவில்லை என்பதும் கடவுள் தரும் ஒரு பதில்தான் என்று அன்றைக்கு அந்தச் சிறுமி கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். சின்னக் கதைதான். ஆனால் அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

1885-இல் அப்பா இறந்துபோனார். அப்போது ஏமிக்குப் பதினேழு வயது. குடும்பத்தில் பணக் கஷ்டம். ஆனாலும் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் மில்லில் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்காக ஒரு கூடத்தைக் கட்டி, அங்கே அவர்களுக்கு ஊழியம் செய்தார்.

உடம்பு ஒத்துழைக்கவில்லை

ஏமிக்குச் சின்ன வயதிலிருந்தே நரம்பு வலி உண்டு. வந்தால் நாட்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். சீனாவுக்கு மிஷனெரியாகப் போக விரும்பினார். மருத்துவப் பரிசோதனையில், இந்த உடம்பு அதற்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். 1893-இல் ஜப்பானுக்குப் போனார். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, உடம்பு கெட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

பெங்களூரின் குளிர்ச்சி ஒத்துக்கொள்ளும் என்று நினைத்து 1895-இல் இந்தியா வந்தார். வந்த உடனேயே டெங்கு காய்ச்சல்! நம்ம ஊர்க் கொசு அவரை வரவேற்ற விதம் அப்படி. இவர் சீக்கிரம் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தவர்களும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து ஆண்டுகளாக, ஒரே ஒரு முறைகூட, விடுமுறைக்குக்கூட, அவர் சொந்த நாட்டுக்குப் போகவே இல்லை.

தாமஸ் வாக்கர் ஐயர் என்பவரிடம் தமிழ் படிப்பதற்காகத் திருநெல்வேலிப் பக்கம் வந்தார். தமிழ் இலக்கணம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. (நம்மையே படுத்துகிறதே!) பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கிறிஸ்தவச் செய்தியைச் சொல்லி வந்தார்.

வாசலில் வந்து நின்ற குழந்தை

1901 மார்ச் மாதம். பண்ணைவிளை என்ற ஊரில் ஏமி தங்கியிருந்தபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு பெண் அழைத்து வந்தார். பிரீனா என்பது அவளைக் கூப்பிட்ட பெயர். கோவிலுக்கு நேர்ந்துவிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட குழந்தை. அதற்கு முன்பு ஒரு தடவை தப்பித்து அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். அம்மாவே திருப்பி அனுப்பிவிட, தண்டனையாகக் கையில் சூடு போட்டார்களாம்.

அந்தக் காலத்தில் தேவதாசி முறை இருந்தது. ஆட்டமும் பாட்டும் அறிந்த கலைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரில் சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் தவறான வாழ்க்கைக்குத் தள்ளப்பட்டதும் உண்மை. பிரீனா சொன்னதைக் கேட்ட பிறகு ஏமியால் சும்மா இருக்க முடியவில்லை. அதே ஆண்டு டோனாவூருக்குக் குடிபோனார். ஒரு குழந்தை பத்தாகி, பத்து நூறானது. 1918-இலிருந்து ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லோரும் பாராட்டினார்கள் என்று நினைக்காதீங்க. பிள்ளைத் தொட்டில் ஆட்டுவது மிஷனெரி வேலையா என்று சொந்தக் கூட்டத்தாரே கேட்டார்கள். கோர்ட்டு வழக்கும் வந்தது. 1911-இல் ஒரு சிறுமியைப் பற்றிய வழக்கில் தீர்ப்பு ஏமிக்கு எதிராகவே வந்தது.

அடுத்தடுத்து வந்த இடி

1912-இல் வாக்கர் ஐயர் வெளியூருக்கு ஊழியத்துக்குப் போன இடத்தில் திடீரென்று இறந்தார். 1913-இல் ஏமியின் அம்மா மறைந்தார். மகளால் போக முடியவில்லை. 1915-இல் வலது கையாக இருந்த பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தார். மூன்று ஆண்டுகளில் மூன்று பேர்!

இதற்கு நடுவே 1914-இல் முதல் உலகப் போர். வெளிநாட்டிலிருந்து வருகிற காணிக்கையை நம்பித்தான் டோனாவூர் அடுப்பு எரிந்தது. ஏமி யாரிடமும் பணம் கேட்டு எழுதுவதில்லை என்ற கொள்கை உடையவர். போருக்கு முன்னால் ஓர் ஆங்கிலப் பவுனுக்கு 15 ரூபாய் கிடைக்கும். 1920 தொடக்கத்தில் அது 10 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. கணக்குப் போட்டுப் பாருங்க. அதே பவுன், ஆனால் வாங்கக்கூடிய அரிசி குறைவு. விலைவாசியோ ஏறிவிட்டது. வாய்களும் கூடிவிட்டன. ஆனாலும் வருகிற குழந்தையைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற முடிவிலிருந்து அவர் மாறவில்லை.

1931: ஒரு குழி

இனிமேல்தான் நான் சொல்ல வந்த கதை. 1931-இல் ஏமிக்கு வயது அறுபத்து மூன்று. பக்கத்து ஊரான களக்காட்டில் மருத்துவ உதவிக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டுகிற நேரம். புதிதாகத் தோண்டி வைத்திருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது.

சில மாதத்தில் எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடக்கவில்லை. கால் வலி போதாதென்று மூட்டு வலி, நரம்பு வலி, முதுகு வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துகொண்டன. அன்று முதல் இறக்கும் வரை, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள், அவருடைய உலகம் பெரும்பாலும் ஓர் அறையும் அதை ஒட்டிய வராந்தாவும்தான்.

யோசிச்சுப் பாருங்க. ஊர் ஊராக வண்டியில் சுற்றியவர். பிள்ளைகளோடு மலை ஏறி, ஆற்றில் குளித்தவர். டோனாவூரில் நோயாளிகளுக்காக மருத்துவமனை கட்ட முன்னின்றவர். அவரே நோயாளி ஆகிவிட்டார். எத்தனையோ பேர் அவருடைய சுகத்துக்காக ஜெபித்தார்கள். அவரும் ஜெபித்தார், டாக்டர் கொடுத்த மருந்தையும் சாப்பிட்டார். கேட்ட சுகம் வரவில்லை. மறுபடியும் அந்தப் பழுப்புக் கண்தான்!

அவர் என்ன செய்தார்? படுக்கையில் இருந்தபடியே எழுத ஆரம்பித்தார். அவர் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களில் பத்துக்கும் மேல் படுக்கையில் எழுதியவை. அவற்றில் 1933-இல் வந்த ஒரு புத்தகம் நோயாளிகளுக்காகவே எழுதியது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்களைப் பெரும்பாலும் நன்றாக இருப்பவர்களே எழுதுகிறார்கள், அது படுத்திருக்கிறவர் மனசைத் தொடுவதில்லை என்று அவருக்குப் பட்டது. அதனால் வலியில் இருக்கிற ஒருத்தி, வலியில் இருக்கிற இன்னொருவருக்கு எழுதுகிற மாதிரி எழுதினார். வலி நல்லது என்றோ, வலியே இல்லை என்றோ அவர் சாதிக்கவில்லை. வலி இருக்கிறது, கடவுளும் கூட இருக்கிறார் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்டது.

எங்கள் வீட்டு ஆச்சி

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்க ஆச்சி பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலில் இருக்காங்க. பார்க்க வருகிறவர்களில் சிலர், விசுவாசம் இருந்தால் எழுந்து நடந்திருப்பீர்களே என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைப்பார்கள் போல. அவர்கள் போன பிறகு ஆச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அன்று ராத்திரி கஞ்சி இறங்காது.

அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு முதலில் ஆச்சிதான் ஞாபகம் வந்தாங்க. இருபது வருஷம் எழுந்து நடக்காத ஏமி அம்மாவுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? நோய் தீருவதை வைத்து விசுவாசத்தை அளக்க முடியாது. தெர்மாமீட்டர் காய்ச்சலைத்தான் காட்டும், மனசைக் காட்டாது. இதை ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டாங்க. எங்கள் தெருப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் என்னை எழுதச் சொல்லி, தினமும் சாயங்காலம் ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லி ஜெபம் பண்றாங்க. அதில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. பரீட்சை வருகிறவர்கள் பெயரை மட்டும் இரண்டு தடவை வாசிக்கணும்!

வாரிசும் போனபோது

அம்மையாரின் சோதனை அறையோடு முடியவில்லை. அருளாய் என்ற தமிழ்ப் பெண் சிறுமியாக இருந்தபோதே ஏமியிடம் வந்து, மகளைப் போல வளர்ந்தவர். தனக்குப் பிறகு இவர்தான் பொறுப்பேற்பார் என்று ஏமி நம்பியிருந்தார். 1939-இல் அருளாய் நோயில் இறந்தார். அதே ஆண்டு இரண்டாம் உலகப் போரும் தொடங்கியது. பிறகு ஆண் பிள்ளைகளின் பணியைப் பொறுப்பாகப் பார்த்துவந்த காட்ஃப்ரே வெப்-பெப்ளோவும் 1949-இல் இறந்தார். பெரியவர் படுத்திருக்க, இளையவர்கள் முந்திப் போனார்கள். இதற்கிடையே 1948-இல் ஏமி தன் அறையிலேயே மறுபடியும் விழுந்தார். அதற்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தியையும் அவர் காலம் கண்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. பிரீனா வாசலில் வந்து நின்று நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து!

1951 ஜனவரி 18-ஆம் தேதி ஏமி கார்மைக்கேல் காலமானார். வயது 83. தன் கல்லறைக்குப் பெயர்க் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, தாங்கள் அவரைக் கூப்பிட்ட பெயரை மட்டும் அதில் பொறித்தார்கள். அவர் தொடங்கிய டோனாவூர் ஐக்கியம் இன்றும் அங்கே பணி செய்துவருகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே, தோழிகளே! நம் வகுப்பில் எல்லா மதத்தவரும் இருக்கிறோம். நம்புகிற விதம் வேறாக இருக்கலாம். ஆனால் நோய் எல்லோர் வீட்டுக்கும் வரும். அப்போது இரண்டு காரியத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். ஒன்று, படுத்திருக்கிறவரிடம் போய், உன் பக்தி போதாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால் போதும். இரண்டு, படுத்திருக்கிறவர்களுக்கும் வேலை உண்டு. அவர்களிடம் யோசனை கேளுங்க, ஜெபிக்கச் சொல்லுங்க, கதை கேளுங்க. அவர்களை ஓரமாக வைத்துவிடாதீங்க.

உங்கள் பெயரும் ஆச்சி நோட்டில் சேர வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுங்க. எழுதி வைக்கிறேன்.



இப்படிக்கு,
உங்கள் தோழி,
9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு