அடுப்படிக்கு வந்த ஆடிட்டர்

ஆண்டு மலர் என்றால் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு இருந்தே ஆக வேண்டும். நான் எடுத்துக்கொண்ட ஆள் இஞ்சினியர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. கணக்குத் தணிக்கை செய்த ஆடிட்டர். பெயர் ஜே.சி. குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் என்று பரீட்சைக்குப் படித்து மறந்த பெயர்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எனக்கு அவர் அறிமுகமானது எங்க வீட்டு வெந்நீர் அடுப்பு வழியாக.

அன்னூர் பக்கம் தோட்டத்துச் சாளை எங்களுடையது. உள்ளே கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் குளிக்கத் தண்ணி காய்ச்சுவது, மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவது, விருந்தாளி வந்தால் பெரிய பானை வைப்பது எல்லாம் வெளியே தாழ்வாரத்து விறகடுப்பில்தான். தென்னமட்டையும் பருத்திமாரும் காசில்லாமல் கிடைக்கும்போது சிலிண்டரை யார் கரைப்பார்கள்? அந்தத் தாழ்வாரத்தில் எங்க அப்பத்தா நாற்பது வருசம் புகை தின்றிருக்கிறார். இப்போது இராத்திரி அவர் இருமுகிற சத்தத்தில்தான் வீடு தூங்குகிறது.

பொங்கல் லீவில் நான் ஒரு காரியம் செய்தேன். மெக்கானிக்கல் இரண்டாம் வருசம், சும்மா இருக்க முடியுமா? பழைய 3 அங்குல போர்வெல் ஜிஐ பைப் ஒன்று கிடந்தது. அடுப்பின் பின்பக்கம் 4 அங்குலத்துக்கு ஓட்டை போட்டு, பைப்பைச் செருகி, சேற்றைப் பூசி, கூரையை அறுக்க மனசு வராமல் இரண்டு பெண்டு வைத்து, ஓலைக்கு அடியிலேயே வளைத்து வெளியே விட்டேன். முதல் நாள் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் சேறு வெடித்துப் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியது. ஐந்தாம் நாள் பைப்பை ஒட்டிய பனையோலை கருகி நின்றதை அப்பத்தாதான் பார்த்துச் செம்புத் தண்ணியை வீசினார். அன்று அவர் பார்க்காவிட்டால் சாளை இருந்திருக்காது. லீவு முடிந்து கல்லூரிக்கு வந்ததும் என் கதையைக் கேட்ட ஆசிரியர் ஒருவர் சிரிக்கவில்லை. குமரப்பாவைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

குமரப்பா 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறை அதிகாரி, அதாவது நம்ம சிவில் நண்பர்களின் ஆள். பையனோ லண்டனுக்குப் போய்க் கணக்குப் படித்து, திரும்பி வந்து பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம். 1920களின் கடைசியில் அமெரிக்கா போய் சிரகியூஸ் பல்கலைக்கழகத்திலும், பிறகு கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடமும் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அரசு வரவு செலவுக் கணக்கை வைத்தே ஆராயப் போனவர், வெள்ளையர் ஆட்சி நம்மை எப்படிக் கறந்தது என்பதைத் தன் கண்ணாலேயே எண்களில் பார்த்துவிட்டார். பிறகு பழைய ஆளாகத் திரும்ப முடியுமா? குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். தம்பி பரதனும் அப்படியே.

1929 மே மாதம் அந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமம் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் உலாத்தப் போனவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த கிழவர் ஒருவரை வேடிக்கை பார்த்தபடி நின்றார். அவர்தான் காந்தி என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அயல்நாட்டு உடுப்போடு அதே தரையில் உட்கார்ந்துவிட்டார். காந்தி அவரைக் குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்குக் கிராமக் கணக்கெடுக்க அனுப்பினார். வீடு வீடாக வரவு, செலவு, கடன், மாடு, நிலம் என்று எழுதினார்கள். ஆடிட்டருக்கு லெட்ஜர் மாறியது, அவ்வளவுதான்.

கணக்கில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சம்பவம். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா பொறுப்பு. காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். பொதுப் பணம் என்றால் மகாத்மாவுக்கும் அதே விதி. நம்ம யூனியன் பொருளாளர்கள் இதைப் படித்தால் நல்லது, வேறொன்றும் சொல்லவில்லை.

அதே 1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. செயலாளர் குமரப்பா. சங்கம் இருந்த இடத்துக்கு மகன்வாடி என்று பெயர். நம்ம தமிழ் மகன் இல்லைங்க, காந்தியின் உறவினர் மகன்லால் காந்தியின் நினைவாக வைத்தது. செக்கு, கையால் செய்யும் காகிதம், தேனீ, பனைவெல்லம் என்று அங்கே ஒரு பெரிய ஒர்க்ஷாப்பே நடந்தது. மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கே வந்தது. புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றும் 1940களில் வந்தது. அதற்குப் பெயர் மகன் சூலா. குமரப்பாவே மண் பிசைந்து கண்டுபிடித்தார் என்று நான் எழுதப் போவதில்லை. அந்தப் பட்டறையை நடத்தியவர், சமையல் அடுப்பு ஆராய்ச்சிக்குரிய சாமான் என்று இடம் கொடுத்தவர் அவர். எனக்கு அது போதும்.

அந்த வகை அடுப்பில் ஒரு வாயில் விறகு. தீ முதல் பானையைத் தொட்டு, உள்ளே ஓடும் சுரங்கம் வழியே அடுத்த பானைக்குப் போய், மிச்சச் சூட்டோடு புகைபோக்கியில் ஏறும். முதல் கண்ணில் சோறு, அடுத்ததில் குழம்பு, கடைசியில் வெந்நீர். நான் சறுக்கிய விசயம் அடுத்து இருக்கிறது. புகையை வெளியே தள்ள அடுப்பில் ஃபேன் ஏதும் இல்லை. இழுப்பது குழாய்க்குள் நிற்கும் சூடான காற்றுத் தூண்தான். 10 அடிக் குழாய், உள்ளே 200 டிகிரி, வெளியே 30 டிகிரி என்று வையுங்கள். அடர்த்தி வித்தியாசத்தை ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டில் போட்டுப் பார்த்தால் சுமார் 12 பாஸ்கல் வரும். தண்ணீர் உயரத்தில் 1.3 மில்லிமீட்டர் கூட இல்லை! அந்த நூலளவு அழுத்தத்தை நம்பித்தான் மொத்தப் புகையும் வெளியே போகிறது. அடுப்பும் குழாயும் சேரும் இடத்தில் சேறு வெடித்தால் குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். உள்ளே சூடு 100 டிகிரிக்கு இறங்கினால் இழுப்பு பாதியாகிவிடும். எங்க வீட்டில் மூன்றாம் நாள் நடந்தது இதுதான்.

மற்ற தப்புகளையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது செய்யாதீர்கள். 4 அங்குல வாய்க்கு 3 அங்குலக் குழாய் போட்டதில் பரப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. புகைபோக்கி அடுப்பு வாயைவிடக் குறுகவே கூடாது. இரண்டு பெண்டு வைத்ததும் படுக்கைவாட்டில் ஓட்டியதும் இருந்த கொஞ்ச இழுப்பையும் தின்றுவிட்டது, அதோடு கரி தங்க இடமும் கொடுத்தது. ஜிஐ பைப்பை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. துத்தநாகப் பூச்சு எரிந்தால் என்ன காய்ச்சல் வரும் என்று வெல்டிங் ஷாப் ஆட்களைக் கேளுங்கள். துண்டு துண்டாகக் குழாயை இணைத்தால் மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். மாற்றி வைத்தால் உள்ளே வழியும் தார் வெளியே சொட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு அந்த ஓலை. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே ஒன்றரை அடியாவது வேண்டும். நான் ஒரு விரல் கூட விடவில்லை.

மகன்வாடிக்குப் பிறகு இந்தக் கதை நிற்கவில்லை. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பை மேலும் செப்பனிட்டு 1953இல் சென்னையிலிருந்து ஒரு சிறு புத்தகமே வெளியிட்டார். 1980களில் மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை நாடெங்கும் 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் வைத்தது. நிறைய அடுப்புகள் சில வருசத்திலேயே விரிசல் விட்டு, குழாய் அடைத்து, கைவிடப்பட்டன. ஒடிசாவில் நான்கு வருசம் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. முதல் வருசம் புகை குறைந்தது, அப்புறம் பராமரிப்பு இல்லாமல் பலன் மறைந்தது என்றது. அடுப்பு வைக்கிறவர் ஒருத்தர், தினமும் ஊதுகிறவர் வேறொருத்தர் என்பதுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. 2016இல் உஜ்வலா வந்து சிலிண்டர் பரவிய பிறகும் விறகடுப்பு அணையவில்லை. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

குமரப்பா கதைக்கு வருகிறேன். சுதந்திரப் போராட்டத்தில் பல தடவை சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோதுதான் நிலைத்த பொருளாதாரம் பற்றிய தன் பேர்பெற்ற நூலை எழுதினார். அது 1945இல் வெளிவந்தது. நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கத் தீரும் குட்டையை நம்பிய வாழ்க்கை சண்டையில் கொண்டுபோய் விடும், மரம் போல வளர வளர எடுக்கும் ஓட்டத்தை நம்பியது நிலைக்கும் என்பது அவர் கட்சி. பருத்திமார் எரிக்கிற எங்க அடுப்பு எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949இல் அறிக்கை கொடுத்தார். பெரிய ஆலை, பெரிய திட்டம் என்று ஓடிய டெல்லி அவரைக் கேட்கவில்லை. 1950களில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து, சின்னக் குடில் ஒன்றில் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30, காந்தி சுடப்பட்ட அதே தேதியில் சென்னையில் காலமானார்.

புத்தகத்தைப் படித்து முடித்த சனிக்கிழமையே ஊருக்குப் போய்ப் பழைய பைப்பைப் பிடுங்கினேன். 4 அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய், ஒரே நேராக. கூரையை அறுத்து, சுற்றி ஒன்றரை அடிக்கு ஓலையை எடுத்துவிட்டுத் தகடு போட்டேன். மழை இறங்காமல் மேலே ஒரு தொப்பி. முகட்டைவிட மூன்றடி உயரம். குழாய் அடியில் கரி அள்ள ஒரு மூடி. இணைப்பில் செம்மண்ணோடு சாணமும் உமியும் கலந்து பூசினோம். கலவை அப்பத்தா சொன்ன அளவு, என் அளவு இல்லை. அது இன்னும் வெடிக்கவில்லை. லேசாக விரிந்தால் அவரே ஒரு பிடி மண் அப்பிவிடுகிறார். மாசம் ஒருக்கா மூடியைத் திறந்து கரி அள்ளுவது என் தம்பி வேலை. போன மாசம் அவன் அள்ளவில்லை. அப்பத்தா போன் போட்டு என்னிடம் புகார் சொன்னார்.