ராமன் விளைவில் இன்னொரு பெயரும் இருக்கு: யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

தென்காசி குத்துக்கல்வலசை பக்கமிருந்து மலையை இடதுபுறம் விட்டு மதுரை சாலையில் வடக்கே போனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். அதையும் தாண்டி, அதே மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர்தான் வத்திராயிருப்பு. கே.எஸ்.கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ல் அங்கேதான் பிறந்தார். சி.வி.ராமனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பின் முதல் அறிவிப்பில் இவர் பெயரும் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்தவர், 1920-ல் கல்கத்தா கிளம்பினார். சில வருஷங்களில் ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்துட்டார்.

1928 பிப்ரவரி. கணக்கும் கோட்பாடுமாக இருந்த கிருஷ்ணனை ராமன் மறுபடி சோதனைக் கூடத்துக்கு இழுத்துட்டு வந்தார். பெரிய கருவி எதுவும் இல்லை. சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்தில் பாய்ச்சினார்கள். பார்ப்பவர் கண் முன்னால் ஊதாவை அடைக்கும் இன்னொரு வடிகட்டி. சிதறிய ஒளி நிறம் மாறாமல் இருந்தால் எதுவுமே தெரியக் கூடாது. ஆனா மங்கலா ஒரு வெளிச்சம் தெரிஞ்சது! சுமார் 60 திரவங்களில் பார்த்தாங்க, எல்லாத்திலும் அதே கதை.

காரணம் குவாண்டம் கோட்பாட்டில் இருக்கு. மூலக்கூறில் மோதும் ஒளித்துகள், தன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கொடுத்து அதை அதிர வைக்கும். மிச்ச ஆற்றலோடு வெளியே வரும்போது அதன் நிறம் மாறியிருக்கும். எவ்வளவு மாறுதுங்கிறது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வேற வேற. ஒரு மாத்திரையில் இருக்கும் மருந்து எதுன்னு இன்னைக்குக் கண்டுபிடிக்கிறதும் இதை வச்சுத்தான்.

பிப்ரவரி 16 தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிய குறிப்பில் ராமன், கிருஷ்ணன் ரெண்டு பேர் பெயரும் இருந்தது. ஆனா மார்ச் 16-ல் பெங்களூரில் விரிவாக உரையாற்றியது ராமன் மட்டும். 1930 நோபலும் அவருக்கு மட்டுமே. 1921 முதலே ஒளிச்சிதறல் பின்னால் அலைந்தவர் ராமன், அதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்த பிப்ரவரி நாட்களை நாட்குறிப்பில் எழுதி வைத்த கிருஷ்ணனை வெறும் உதவியாளர்னு சொல்லிட்டுப் போறது நியாயமில்லை.

பரிசு அறிவிப்பு வந்தப்போ கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1928 டிசம்பரிலேயே அங்கே போய், படிகங்களின் காந்தப் பண்புகளில் தனக்கென ஒரு துறையே உருவாக்கிட்டார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1958-ல் பட்நாகர் விருது தொடங்கியபோது, அதை முதலில் பெற்றவரும் இவர்தான். 1961 ஜூனில் காலமானார்.