சிரிக்க வைத்து அடுப்பு விற்றவர்

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறாமலே வெளியேறியவர் டேவிட் ஒகில்வி. 1911இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், பாரிஸ் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தார். பிறகு ஸ்காட்லாந்தில் வீடு வீடாகச் சென்று ‘ஆகா’ சமையல் அடுப்புகளை விற்றார்.

அது பொருளாதார மந்த காலம். அடுப்போ விலை உயர்ந்தது. ஆனாலும் அவர் நன்றாக விற்றார். அந்த அனுபவத்தை மற்ற விற்பனையாளர்களுக்காக 1935இல் ஒரு கையேடாக எழுதினார். வாடிக்கையாளரை அதிகம் பேச விட வேண்டும், அவருக்குப் பிடித்த விஷயத்தில் அக்கறை காட்ட வேண்டும், அவரைச் சிரிக்க வைத்தால் பல படி முன்னேறலாம் என்றார். பிஷப்பிடமும் சர்க்கஸ் கலைஞரிடமும் ஒரே பேச்சைப் பேசுபவர் தோற்றுவிடுவார் என்றும் எச்சரித்தார்.

1948இல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்கினார். ஆனால், விளம்பரத்தில் நகைச்சுவையை அவர் நெடுங்காலம் நம்பவில்லை. நேரில் பேசும்போது எதிரில் இருப்பவரின் முகம் தெரியும். விளம்பரத்தில் அது தெரியாதே! பின்னர் ஆய்வு முடிவுகளைக் கண்டு, நகைச்சுவையும் பொருளை விற்கும் என 1983இல் வெளிவந்த தம் நூலில் ஒப்புக்கொண்டார். 1999இல் பிரான்சில் காலமானார்.

பகுதிநேரமாகக் கடையில் வேலை செய்யும் மாணவர்களே, மனப்பாடம் செய்த ஜோக் எல்லாரிடமும் எடுபடாது. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சிரிப்பு தானாக வரும்.