விண்வெளியிலிருந்து மழையை அளப்பது எப்படி? ராபர்ட் டிக்கியின் கதை

நடுக்கடலில் வரிசையாக மழைமானி நட்டு வைக்க முடியாது. ஆனாலும் எந்தக் கடலில் எவ்வளவு மழை பெய்கிறது என்று இன்று மேப் போட்டே காட்டிவிடுகிறார்கள். செயற்கைக்கோளில் இருக்கும் மைக்ரோவேவ் ரேடியோமீட்டர் செய்யும் வேலை இது. அதற்கு வழி போட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி. இத்தனைக்கும் மழையை அளக்க வேண்டும் என்று அவர் கிளம்பவே இல்லை.

1916-ல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். 1941-ல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, எம்.ஐ.டி.யின் ரேடார் ஆய்வகத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நேரம். அலைநீளம் குறைந்தால் ரேடார் இன்னும் துல்லியமாகப் பார்க்கும் என்பதால், 1.25 சென்டிமீட்டர் அலையில் இயங்கும் ரேடாரை உருவாக்கினார்கள். ஆனால் காற்றில் இருக்கும் நீராவி அந்த அலையை விழுங்கியது. எவ்வளவு விழுங்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் டிக்கி கருவி செய்தார்.

ஒரு அலையை உறிஞ்சும் பொருள், அதே அலையை லேசாக வெளியிடவும் செய்யும். அதைப் பிடித்தால் போதும். சிக்கல் என்னவென்றால், ரிசீவருக்குள் எழும் இரைச்சல் அந்த சிக்னலைவிடப் பல மடங்கு பெரியது. ஏறி இறங்கிக்கொண்டே வேறு இருக்கும். ஆகவே ஆன்டெனாவையும், வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளையும் ரிசீவர் நொடிக்குப் பலமுறை மாறி மாறிப் பார்க்கும்படி ஒரு ஸ்விட்ச் வைத்தார். இரைச்சல் இரண்டிலும் ஒன்றுதானே, கழித்தால் போய்விடும். தராசு மேல் நம்பிக்கை இல்லாதவர் எடைக்கல்லை அடிக்கடி வைத்துப் பார்ப்பது மாதிரி. சிம்பிள்தான், ஆனால் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

புளோரிடாவில் எடுத்த அளவீடுகள் 1946-ல் வெளியாகின. விண்வெளியின் பின்னணிக் கதிர்வீச்சு 20 கெல்வினுக்குக் கீழேதான் இருக்க முடியும் என்றும் அதே கட்டுரையில் ஒரு குறிப்பு இருந்தது. பிறகு டிக்கி இதை மறந்தே போனார்.

1960-களில், பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைத் தேடி பிரின்ஸ்டனில் அவர் குழு ஒரு ரேடியோமீட்டரைக் கட்டிக்கொண்டிருந்தது. அதே நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தின் பென்சியாஸ், வில்சன் இருவரும், தங்கள் ஆன்டெனாவில் போகாத ஒரு இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டிக்கிக்கு அவர்களிடமிருந்து போன் வந்தது. தேடியதை வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள் என்று அவருக்கு உடனே புரிந்தது. அவர்களும் ஸ்விட்ச் வைத்து ஒப்பிட்டுத்தான் அளந்திருந்தார்கள். 1978 நோபல் அந்த இருவருக்கும் போனது. அந்த ஆண்டின் மூன்றாவது இடம் வேறு துறையின் கபிட்சாவுக்கு. டிக்கிக்கு அது கிடைக்கவே இல்லை. அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மழை விஷயத்துக்கு வருவோம். மைக்ரோவேவில் கடல் மங்கலாக, குளிர்ந்த மாதிரி தெரியும். மேலே மழைத்துளிகள் இருந்தால் அந்த இடம் பளிச்சென்று சூடாகத் தெரியும். 1972-ல் நிம்பஸ்-5 செயற்கைக்கோள் கடல் மழையை இப்படித்தான் பார்த்தது. நிலம் ஏற்கெனவே சூடாகத் தெரிவதால் அங்கே இது எடுபடாது. மேகத்துக்குள் இருக்கும் பனித்துகள்கள் உயர் அதிர்வெண் அலைகளைச் சிதறடிப்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பனிப்பொழிவுக்கும் அதே வழிதான். 1979-ல் இந்தியாவின் பாஸ்கராவிலும் ரேடியோமீட்டர் பறந்தது. அதில் ஒரு சேனல் 22 கிகாஹெர்ட்ஸ். அன்று ரேடாருக்குத் தொல்லை கொடுத்த அதே நீராவியை அளப்பதற்கு.

டிக்கி 1997 மார்ச்சில் இறந்தார். நவம்பரில், வெப்பமண்டல மழையை அளப்பதற்கென்றே நாசாவும் ஜப்பானும் சேர்ந்து டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோளை அனுப்பின. அதன் மைக்ரோவேவ் கருவி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு விஷயங்களைப் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொண்டது. ஒன்று, வெப்பநிலை தெரிந்த ஒரு பொருள். இன்னொன்று, 2.7 கெல்வின் குளிரில் இருக்கும் விண்வெளி. டிக்கியின் கையைவிட்டுப் போன அந்தப் பின்னணிக் கதிர்வீச்சுதான் அது.